கல்லுப்பு போட்ட ஐஸ் பெட்டி

அம்மா இறந்த பிறகு அப்பாவும் நானும் பேசிக்கொள்ள ஒரே ஒரு விஷயம்தான் மிச்சமிருந்தது. அது ஒரு புரதம். மரக்காணத்தில் உப்பு வாரும் ஒரு மனுஷனும் அவர் பெண்ணும் ஞாயிற்றுக்கிழமைதோறும் உப்பளத்துக் கரையில் உட்கார்ந்து, மனித செல்லுக்குள் கிடக்கும் ஒரு புரதத்தைப் பற்றிப் பேசினார்கள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நாங்கள் பேசினோம். வேறு எதை எடுத்தாலும் அது நேராக அம்மாவில் போய் முட்டியது. இதுவும் அம்மாவில்தான் முடிந்தது, ஆனால் சுற்றுவழியில் போனதால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது.

2004-இல் புதுச்சேரியில் ஓர் ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்திருந்தேன். ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பஸ் பயணம்தான். ஆனாலும் விடுதியில் தங்கினேன். ஆய்வகத்தில் மற்றவர்கள் சென்னை, ஐதராபாத் என்று பெரிய ஊர்களிலிருந்து வந்தவர்கள். நான் மரக்காணம் என்றால் "ஓ, உப்பு" என்பார்கள். அத்தோடு பேச்சு தீர்ந்துவிடும். ஊருக்கு வந்தால், "என்னா படிக்கிற" என்று கேட்பார்கள், நான் வாயைத் திறப்பதற்குள் "டாக்டருக்கா" என்று அவர்களே பதிலையும் சொல்லிக்கொள்வார்கள். அங்கேயும் பேச்சு தீர்ந்துவிடும். எனக்கு முன்கோபம் உண்டு. அதனால் இரண்டு இடத்திலும் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டேன். நிறுத்திய பிறகுதான் நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமலேயே ஒரு மனுஷி இருந்துவிட முடியும் என்று தெரிந்தது.

என் பேராசிரியர் வெயிலையும் தோலையும் பற்றி ஆராய்ச்சி செய்தார். வெயில் தோலுக்குள் இறங்கி மரபணு இழையைக் கெடுக்கும். கெட்ட இடத்தைச் செல்லே வெட்டி எடுத்துச் சரிசெய்துகொள்ளும். அந்த வேலைக்கு ஒரு புரதக் கூட்டம் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், சாதாரண நாளில் மரபணுவைத் திறந்து படிக்க வைப்பதும் அதே கூட்டம்தான். அந்தக் கூட்டத்தில் ஒரு புரதத்தின் அளவைத் தோலில் பார்ப்பதுதான் என் வேலை. பாத்திக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற ஆளே, வரப்பு உடைந்தால் மண்ணை அணைத்துப் பூசவும் செய்வார் இல்லையா, அது மாதிரி என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் உடனே புரிந்துகொண்டார். ஐதராபாத்காரர்களுக்கு இரண்டு நாள் ஆனது.

அம்மாவுக்கு இடது காதுக்கு முன்னால் ஒரு புண் வந்தது. முதலில் மச்சம் மாதிரி இருந்தது. பிறகு ஆறாமல் போனது. மஞ்சள் பூசினாள், வேப்பிலை அரைத்துப் போட்டாள், கடைசியில் நான் சத்தம் போட்டுப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். தோல் புற்றுநோய், வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள். என் பேராசிரியருக்கு அந்த டாக்டர் பழக்கம். எங்கள் ஆராய்ச்சிக்கு வெட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல தோலில் மிளகளவு போதும். அம்மா ஐந்தாவது வரை படித்தவள். சம்மதத் தாளில் தன் பெயரை நிதானமாக எழுதினாள்.

"எடுத்துக்கச் சொல்லு. போறது போவுது, உனக்காவது ஒதவட்டும்" என்றாள்.

அந்தத் தோலை அரைத்துக் கரைசலாக்கிச் சின்னக் குப்பியில் வைத்தோம். குப்பியில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். அம்மா ஏழாம் எண் ஆனாள். அடுத்த வருஷம் கழுத்தில் கட்டி வந்து, புரட்டாசி மாதம் இறந்துபோனாள். ஆழ்குளிர் பெட்டியில் ஏழாம் எண் அப்படியே இருந்தது. ஆய்வகத்தில் பக்கத்து மேசைப் பெண் அந்தக் குப்பிகள் இருந்த டப்பாவை எடுத்து வைக்கும்போதெல்லாம் நான் எழுந்து நின்றுவிடுவேன். ஜாக்கிரதையாக எடு, அது என் அம்மா என்று சொல்ல முடியுமா? சொல்லியிருக்கலாம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"அவ கிளியனூர் பக்கம் மரத்தடி நெழல்ல இருந்தவ. நான்தான் கட்டிக்கினு வந்து அளத்துல எறக்கினேன். மேல வெயிலு, கீழ உப்புல பட்டு அடிக்கிற வெயிலு. இருவத்தஞ்சு வருசம். அதாலதான் வந்துச்சா? இல்ல, அவ ஒடம்புலயே ஏதாவது கொறை இருந்துச்சா?"

டாக்டர் இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு என்று சொல்லியிருந்தார். இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு என்பது ஒரு பதிலே இல்லை. அப்பா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. கையில் சோற்றை எடுத்தால் அது பாதியிலேயே நின்றுவிடும். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "கண்டுபிடிக்கலாம்பா" என்றேன்.

அந்தப் புரதம் அம்மாவின் தோலில் குறைவாக இருந்தால், அவள் உடம்பால் வெயிலைச் சமாளிக்க முடியவில்லை என்று அர்த்தம். சரியாக இருந்தால் வெயில்தான் காரணம். இப்படித்தான் நான் நம்பினேன். இன்றைக்கு ஒரு மாணவி வந்து இப்படிச் சொன்னால் நன்றாகத் திட்டி அனுப்புவேன். ஒரே ஒரு புரதத்தின் அளவை வைத்து ஓர் உயிர் ஏன் போனது என்று சொல்ல முடியாது. அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. அப்பா சாப்பிட வேண்டும். எனக்கு அது போதுமான விஞ்ஞானமாகப் பட்டது.

புரதத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. அதை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி வேண்டும். அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அப்பாவுக்கு அதையும் விளக்கினேன்.

"திருவிழாக் கூட்டத்துல ஆயிரம் பேர் இருந்தாலும் ஒருத்தன மட்டும் மோந்து புடிக்குமே போலீஸ் நாய், அது மாதிரிப்பா."

"அத எதுல செய்றாங்க?"

"எலி ஒடம்புல."

அப்பா ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். "உங்கம்மாவப் பத்தி எலிகிட்ட போயா கேக்கப் போற? அவளுக்கு எலின்னாலே ஆவாது."

ஆய்வகத்தில் பழைய ஆன்டிபாடி ஒன்று இருந்தது. அது போலீஸ் நாய் இல்லை, தெருநாய். கண்டதையெல்லாம் பார்த்துக் குரைத்தது. அதை வைத்து இரண்டு தடவை முயன்றதில் ஏழாம் எண்ணில் பெரும்பகுதி தீர்ந்துபோனது. மிச்சம் ஒரே ஒரு தடவைக்குத்தான் வரும். நல்ல ஆன்டிபாடிக்கு எழுதிப் போட்டோம். மாதக்கணக்கில் காத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை நான் கரையில் போய் உட்கார்ந்ததும் அப்பா கேட்கும் முதல் கேள்வி, "எலி வந்துச்சா?" என்பதுதான்.

2006 ஆவணியில் ஒரு சனிக்கிழமை, ஆன்டிபாடி கம்பெனியின் சென்னை முகவரிடம் சரக்கு வந்துவிட்டதாகப் போன் வந்தது. அதற்கு முன்னால் வேறொரு பார்சல் கூரியரில் வந்து, பெட்டியைத் திறந்தால் உள்ளே ஐஸுக்குப் பதில் வெந்நீர் மாதிரி ஏதோ இருந்தது. அதனால் இந்தத் தடவை யாரையும் நம்புவதில்லை என்று நானே போனேன். தெர்மாகோல் பெட்டி, உள்ளே குளிர் பைகள், நடுவில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு குப்பி. குப்பிக்குள் கால் ஸ்பூன் அளவு தெளிந்த தண்ணீர். பெட்டியின் மூடியில் சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: நாலு டிகிரியில் வைக்கவும், உறைய விடக் கூடாது. படித்தேன். நன்றாகவே படித்தேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரும்போதுதான் ஆய்வகம் பூட்டியிருக்கும் என்பது உறைத்தது. பேராசிரியர் டெல்லியில் இருந்தார். சாவி எங்கள் ஆய்வக உதவியாளரிடம் இருந்தது. அவர் கோட்டக்குப்பத்துக்காரர். அன்றைக்கு அவர் தங்கச்சிக்கு நிக்காஹ். மாப்பிள்ளை துபாயிலிருந்து பத்து நாள் லீவில் வந்திருந்தார். போன் செய்தேன்.

"நாளைக்கு வலீமா விருந்து இருக்குதும்மா, திங்கக்கெழம காலைல வந்து தெறந்துடறேன். அவசரம்னா இப்பவே மண்டபத்துக்கு வந்து சாவிய வாங்கிக்க. அப்படியே பிரியாணி சாப்ட்டுப் போ."

அம்மா இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. எங்களில் துக்கம் நடந்த வீட்டுக்காரர்கள் அந்த வருஷம் கல்யாண மண்டபப் படி ஏற மாட்டார்கள். அவர்களுக்கு அந்த வழக்கம் கிடையாது, அவர் மனசார அழைத்தார். எனக்குத்தான் கால் வரவில்லை. வழக்கம் என்று சொல்லிக்கொண்டேன். உண்மை அது மட்டுமில்லை. அத்தனை வெளிச்சத்தில், அத்தனை பேர் சிரித்துக்கொண்டிருக்கும் இடத்தில், தெர்மாகோல் பெட்டியோடு தனியாகப் போய் நிற்க எனக்குத் தெம்பில்லை. "திங்கக்கிழமை பார்த்துக்கலாம் பாய்" என்று சொல்லிவிட்டு மரக்காணத்தில் இறங்கிவிட்டேன். அந்தச் சாவியை வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

எங்கள் வீட்டில் அப்போது ஃபிரிட்ஜ் கிடையாது. மீனுக்கு ஐஸ் விற்கும் இடத்தில் கட்டி வாங்கி உடைத்துப் போட்டு இரவைக் கழித்தேன். ஞாயிறு அம்மாவின் வருஷத் தெவசத்துக்குச் சொல்ல மாமா வீட்டுக்குப் போக வேண்டும். கிளியனூர் பக்கம், பஸ் மாறிப் போய்த் திரும்பினால் பொழுது போய்விடும். பெட்டியை அந்த வெயிலில் தூக்கிக்கொண்டு அலைய முடியாது.

"நீ போய்ட்டு வா. நான் பாத்துக்கிறேன்" என்றார் அப்பா. அன்றைக்கு அவர் அளத்துக்குப் போகவில்லை. பெட்டிக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுக்கொண்டார்.

"சில்லுன்னு இருக்கணும்பா. சூடாவவே கூடாது. ஐஸ் கரைஞ்சா வேற வாங்கிப் போடு."

இதுதான் நான் சொன்னது. உறையவும் கூடாது என்று சொல்லவில்லை. மடத்தனம். ஐஸ் வைத்தால் தண்ணீர் சில்லென்று இருக்கும், உறையாது. அது கெட்டியாகும் என்ற யோசனையே எனக்கு வரவில்லை. நான் உப்பளத்தில் பிறந்தவள். எனக்கு வந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். அவர் முகத்தில் ஒரு பெருமை. அம்மா போன பிறகு அதை நான் பார்த்ததில்லை. என்னைக் கை கால் கழுவக்கூட விடாமல் பெட்டி முன்னால் உட்கார வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே ஐஸ் தெரியவில்லை. மேலே ஒரு விரல் கனத்துக்கு வெள்ளை வெளேரென்று கல்லுப்பு.

"தொட்டுப் பாரு. கை வெறச்சிப்பூடும்" என்றார். "வெறும் ஐஸு என்னா தாங்கும்? குல்பிக்காரன் பானையில எதுக்கு உப்பு போடறான்? காலைலேர்ந்து அஞ்சு தரம் ஐஸு மாத்தினேன். ஒவ்வொரு தரமும் உப்பு. நம்ப அளத்து உப்பு, நேத்து வாரினது."

உப்புக்குள் கையை விட்டுக் குப்பியை எடுத்தேன். விரல் எரிந்தது. உப்பு சேர்ந்த ஐஸ் வெறும் ஐஸைவிட ரொம்ப அதிகமாகக் குளிரும். குப்பிக்குள் இருந்த தெளிந்த தண்ணீர் வெள்ளையாகக் கல்லாகியிருந்தது. ஐந்து தடவை ஐஸ் மாற்றினார் என்றால், கரைந்து உறைந்து, கரைந்து உறைந்து, ஐந்து தடவை. ஒரு தடவை உறைந்தாலே சில ஆன்டிபாடிகள் திரிந்துபோகும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று படித்திருக்கிறேன். என் கதையில் தாழியை உடைத்தவர் அத்தனை அக்கறையோடு உடைத்திருந்தார்.

"நல்லாருக்குதா?" என்று கேட்டார்.

"நல்லாருக்குதுப்பா."

அந்த இரவு அப்பா இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவரிடம் சொல்ல முடியவில்லை, வேறு யாரிடமும் சொல்ல ஆள் இல்லை. அம்மா இருந்திருந்தால் கொல்லைப் பக்கம் போய் அவள் காதில் சொல்லியிருப்பேன். அவள் அப்பாவைத் திட்டிக்கொண்டே சிரித்திருப்பாள். இப்போதும் எனக்கு அம்மா இல்லாத குறை பெரிய பெரிய நாட்களில் தெரிவதில்லை. இப்படிச் சொல்ல ஆளில்லாத விஷயம் வரும்போதுதான் தெரிகிறது.

திங்கட்கிழமை ஆய்வகத்தில் குப்பியை மெல்லக் கரைத்தேன். தண்ணீர் தெளியவில்லை. பால் திரிந்த மாதிரி உள்ளே இழை இழையாக ஏதோ மிதந்தது. யாராக இருந்தாலும் இந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். அல்லது அந்தப் புரதம் உண்டு என்று நன்றாகத் தெரிந்த வேறு செல்லை வைத்து, ஆன்டிபாடி உயிரோடு இருக்கிறதா என்று முதலில் சோதித்திருக்க வேண்டும். எனக்குப் பொறுமையில்லை. சில ஆன்டிபாடிகள் தப்பிப் பிழைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்பாவின் கைபட்டது வீணாகாது என்று ஒரு அசட்டு நம்பிக்கையும் இருந்தது. நன்றாகத் தெரிந்த செல்லை ஜெல் தகட்டில் ஒரு வரிசையிலும், ஏழாம் எண்ணில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் அதற்குப் பக்கத்து வரிசையிலும் ஊற்றினேன். குப்பியைத் தட்டித் தட்டிக் கடைசிச் சொட்டு வரை ஊற்றினேன்.

மறுநாள் மத்தியானம் இருட்டறையில் பிலிமைக் கழுவினேன். ஆன்டிபாடி புரதத்தைப் பிடித்திருந்தால் பிலிமில் கறுப்புக் கோடு விழும். சிவப்பு விளக்கில் பிலிம் வெறுமையாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் வைத்தால் தெரியும் என்று இன்னொரு பிலிம் போட்டேன், பிறகு இன்னொன்று. அம்மாவின் வரிசையில் ஒன்றும் இல்லை. பக்கத்து வரிசையிலும் ஒன்றும் இல்லை. அந்தச் செல்லில் புரதம் நிச்சயமாக உண்டு. அங்கேயே தெரியவில்லை என்றால் ஆன்டிபாடி செத்துவிட்டது என்று பொருள். அம்மாவிடம் அந்தப் புரதம் இருந்ததா இல்லையா என்பதை இனி யாரும் சொல்ல முடியாது. சொல்வதற்கு அம்மாவில் இனி ஒரு சொட்டுகூட இல்லை. அந்த அறைக்குக் கதவைத் தாழ் போட்டுக்கொள்ளும் வசதி இருந்தது. உள்ளே உட்கார்ந்து அழுதேன். வெளியே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் யாரும் தட்டவில்லை.

டெல்லியிலிருந்து வந்த பேராசிரியரிடம் ஆன்டிபாடி உறைந்துபோனது என்றேன்.

"யார் உறைய வச்சது?"

"நான்தான் சார்."

அவர் திட்டவில்லை. இன்னொன்றுக்கு எழுதச் சொன்னார். அது மாதங்கள் கழித்து வந்து, மற்ற எண்களில் எல்லாம் கறுப்பாக, அழகாக, ஒற்றைக் கோடு காட்டியது. என் படிப்புக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரையில் ஏழாம் எண் மட்டும் இருக்காது.

இரண்டு ஞாயிறு நான் ஊருக்குப் போகவில்லை. வேலை என்று சொன்னேன். மூன்றாவது வாரம் தெவசம் வந்துவிட்டது, போகாமல் இருக்க முடியாது. படையல் முடிந்து, மாமாவும் மாமியும் மற்றவர்களும் பஸ் ஏறிய பிறகு, அப்பா என் எதிரில் வந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து அதற்காகவே காத்திருந்தார் என்று தெரிந்தது.

"எலி என்னா சொல்லிச்சு?"

மூன்று வாரமாக நான் ஒத்திகை பார்த்திருந்தேன். கெட்டுப்போச்சுப்பா என்று சொன்னால், எப்படிக் கெட்டது என்பார். கூரியர், கரண்ட் கட், ஏதாவது சொல்லலாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் அவர் கேட்டது அதை இல்லை. தானே அவளைக் கொன்றுவிட்டோமா என்று கேட்டார்.

"அம்மாவுக்கு அந்தப் புரதம் கொறைச்சல்பா. பொறவியிலயே. நெழல்ல இருந்திருந்தாலும் வந்திருக்கும். அளத்தால இல்ல" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அத்தனை சுலபம் என்று எனக்கு அதுவரை தெரியாது. அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினார். பிறகு படையல் சோற்றை எடுத்து அவரே போட்டுக்கொண்டு சாப்பிட்டார். நான் செய்ததில் தப்பே இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன். படுத்ததும் தூங்கிவிட்டேன்.

காலையில் அவர் எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருந்தார். ராத்திரி தூங்கின கண் மாதிரி இல்லை.

"பொறவியிலயே வர்றதுன்னா, உனக்கும் இருக்குமில்ல?"

இதை நான் ஒத்திகை பார்க்கவில்லை. "அப்படிச் சொல்ல முடியாதுப்பா" என்று ஏதோ முனகினேன். படித்த பெண் முனகினால் பெற்றவருக்கு அது போதும். அன்றைக்கு என்னை விடியற்காலை பஸ்ஸிலேயே ஏற்றி அனுப்பினார். வெயில் வருவதற்குள் போய்விட வேண்டும் என்றார். அதிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் ஒரே பேச்சு. குடை வாங்கினியா. மத்தியானத்துல வெளிய போவாத. அளத்துப் பக்கம் மட்டும் வந்துடாத. ஊருக்கு வர்றதுன்னா பொழுது சாஞ்சி வா, விடியறதுக்குள்ள போய்டு. அளத்துக் கரையில்தான் நாங்கள் உட்கார்ந்து பேசுவோம். வீட்டுக்குள் எதிரெதிரே உட்கார்ந்தால் இருவருக்கும் பேச்சு வராது. அந்தக் கரை போனதும் ஞாயிற்றுக்கிழமைகளும் போயின. விடுதி அறையில் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். அவர் தனியாகக் கரையில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருப்பார். என் பொய்தான் எங்கள் இருவரையும் இப்படிப் பிரித்து உட்கார வைத்தது.

அப்போது மாமி போன் செய்தாள். கிளியனூரில் ஒரு பையன், நிலம் நீச்சு உள்ள வீடு. வருஷம் திரும்பிவிட்டதால் எனக்குப் பேசலாம் என்று ஆரம்பித்திருக்கிறாள். அப்பா அந்த வீட்டுக்கே நேரில் போயிருக்கிறார்.

"உங்கப்பாவுக்குப் புத்தி கெட்டுப்போச்சாடி? பொண்ணுக்கு வெயில் ஆவாது, அவங்கம்மா ஒடம்புல இருந்த கொறை இவளுக்கும் இருக்கும், மறச்சிக் கட்டிக் குடுக்க எனக்கு மனசில்லன்னு அவரே சொல்லிட்டு வந்துட்டாரு. அவங்க வேணான்னுட்டாங்க. என்னாடி கொறை உனக்கு?"

பையன் போனதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அப்பா ஒரு பொய்யை அத்தனை நேர்மையாகச் சுமந்துகொண்டு பஸ் ஏறிப் போயிருக்கிறார் என்பதுதான் தாங்கவில்லை. போதும், சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அளம் காரணமா இல்லையா, எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. உன் உப்பால்தான் அது தெரியாமல் போனது. இதைச் சொன்னால் அவருக்கு இரண்டு பாரமாகும். சொல்லாவிட்டால் இந்த ஒரு பாரத்தைச் சாகும்வரை தூக்குவார். எது கனம் என்று பஸ் முழுக்க எடை போட்டுக்கொண்டே போனேன்.

புரட்டாசி வெயில் பொன்னுருகக் காயும் என்பார்கள். மழைக்கு முன்னால் கடைசி வாரல் நடந்துகொண்டிருந்தது. வேண்டுமென்றே மூன்று மணிக்கு இறங்கி, குடை இல்லாமல், நேராக அளத்துக்கு நடந்தேன். பாத்திகளுக்கு நடுவில் போகும் நீளக் கரை. இரண்டு பக்கமும் உப்பு கண்ணைக் குத்தியது. வேறு மூன்று பேர் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். அப்பா தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டார். உப்பு வாரும் பலகையைப் பாத்தியிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தார். ஐம்பத்தைந்து வயது மனுஷன், உப்புத் தண்ணீரில் ஊறிய காலோடு, வழுக்குகிற கரையில் ஓடி வந்தார். தலையில் கட்டியிருந்த முண்டாசை அவிழ்த்துக்கொண்டே வந்தார். வந்ததும் அதை என் தலையிலும் முகத்திலும் சுற்றினார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"எத்தினி தரம் சொல்றது உனக்கு?"

"அப்பா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வூட்ல போய்ச் சொல்லு. மொதல்ல நட."

என்னைத் திருப்பி நடக்க வைத்தார். வெயில் மேற்கே இறங்க ஆரம்பித்திருந்தது. அவர் கரையின் மேற்கு ஓரத்துக்குப் போய், நிழல் என் மேல் விழுகிற மாதிரி பார்த்துப் பார்த்து நடந்தார். நான் ஓர் அடி விலகினால், என் தோளைப் பிடித்து இழுத்து மறுபடியும் நிழலில் விட்டார். அவர் தலையில் ஒன்றும் இல்லை. நரைத்த முடிக்கு நடுவே மண்டை பளபளத்தது. அம்மாவின் புண் இருந்த அதே இடத்தில், அவர் காதுக்கு முன்னால், வியர்வை உப்பாகக் காய்ந்திருந்தது.

"உனக்கும்தான வெயிலு. துண்ட நீ கட்டிக்கப்பா" என்றேன்.

"எனக்கென்னாம்மா?" என்றார். குரலில் ஒரு நிம்மதி இருந்தது. "கொறை உங்கம்மா வழியில வந்தது. என்னை வெயிலு ஒண்ணும் பண்ணாது. அதான் நீயே கண்டுபுடிச்சிட்டியே."

நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. கரை முடிகிற வரைக்கும் அவர் நிழலிலேயே நடந்தேன்.